விளையாடிய கேசட்டுக்கு சில ஆயிரம், பிரிக்காத பெட்டிக்கு பல மடங்கு: 'சூப்பர் மரியோ கார்ட்' விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரணில் இருந்து இறக்கிய பெட்டியில் ஒரு சாம்பல் நிற பிளாஸ்டிக் கேசட். அதன் மேல் மரியோ குட்டிக் கார் ஓட்டும் படம். இணையத்தில் தேடினால், ஒரு இடத்தில் சில ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் அதே பெயருள்ள கேமுக்கு அதைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். "அப்போ, நம்ம கையில இருக்கிறது புதையலா, பழைய சாமானா?" என்ற குழப்பம் வருவது இயல்புதான்.

அந்த கேமின் பெயர் 'சூப்பர் மரியோ கார்ட்'. ஒரே கேமுக்கு ஏன் இத்தனை விலை? யார் இதை வாங்குகிறார்கள்? கோடிகளில் ஏலம் போன வீடியோ கேம்களின் கதை என்ன? இந்த ஆசையில் பணத்தை இழக்காமல் இருப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன கேம்?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1992 ஆகஸ்ட் 27 அன்று 'சூப்பர் ஃபேமிகாம்' என்ற கருவிக்காக இந்த கேமை வெளியிட்டது. அடுத்த சில நாட்களிலேயே வட அமெரிக்காவுக்கும், 1993 ஜனவரியில் ஐரோப்பாவுக்கும் வந்தது. அந்த நாடுகளில் அதே கருவிக்கு 'சூப்பர் நின்டெண்டோ' என்று பெயர்.

மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோதான் தயாரிப்பாளர். தடாஷி சுகியாமா, ஹிடெகி கொன்னோ இருவரும் இயக்குநர்கள். நின்டெண்டோ அதற்கு முன்பு வெளியிட்ட 'எஃப்-ஜீரோ' பந்தய கேமை ஒருவர் மட்டும்தான் ஆட முடியும். இரண்டு பேர் ஒரே டிவியில், திரையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போட்டி போடும் ஒரு கேம் வேண்டும் என்ற யோசனையில் தொடங்கியது இந்த வேலை. வேகமான பந்தயக் கார் இடத்தில் குட்டி 'கார்ட்' வந்தது. ஓட்டுநர்களாக மரியோ, லூயிஜி, இளவரசி பீச், யோஷி, பவுசர், டான்கி காங் ஜூனியர், கூப்பா, டோட் என எட்டுப் பேர் வந்தார்கள்.

வாழைப்பழத் தோலைப் போட்டு பின்னால் வருபவரை வழுக்கி விழ வைப்பது, ஆமை ஓட்டை வீசி முன்னால் போகிறவரைக் கவிழ்ப்பது எல்லாம் இதில்தான் ஆரம்பம். 'கார்ட் ரேஸிங்' என்ற தனி வகைக்கே இலக்கணம் வகுத்த கேம் இது என்று சொல்லலாம். இந்த வரிசையில் பின்னர் வந்த 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 6 கோடிக்கும் மேல் விற்றுத் தள்ளியது. அத்தனைக்கும் முதல் படி என்பதால்தான் 1992 கேசட் மீது சேகரிப்பாளர்களுக்கு இவ்வளவு கண்.

87 லட்சம் விற்ற கேம் எப்படி அரிய பொருள் ஆகும்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'சூப்பர் மரியோ கார்ட்' உலகம் முழுக்க சுமார் 87 லட்சத்து 60 ஆயிரம் பிரதிகள் விற்றது. அந்தக் கருவியில் அதிகம் விற்ற கேம்களில் இதுவும் ஒன்று. ஆக, கேசட்டுக்குத் தட்டுப்பாடே கிடையாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பழைய கேம் விற்கும் கடைகளில் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது.

பழையது என்பதால் மட்டும் விலை ஏறாது. அப்படி ஏறுவதாக இருந்தால் 1990களின் எல்லா கேசட்டும் தங்கமாகியிருக்க வேண்டும். சந்தையில் விலையை நிர்ணயிப்பது மூன்று கேள்விகள்: எத்தனை மிச்சம் இருக்கிறது? எந்த நிலையில் இருக்கிறது? அதை விரும்பிக் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இந்த கேமைப் பொறுத்தவரை கேட்பவர்கள் நிறைய. 1992ல் பத்து வயதில் ஆடியவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். சம்பாதிக்கிறார்கள், சின்ன வயது ஞாபகத்துக்குச் செலவு செய்யத் தயாராக இருக்கிறார்கள். கேசட்டும் நிறைய இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பெட்டிதான் குறைவு. வித்தியாசம் தொடங்குவது அங்கேதான்.

விலைக்கு மூன்று படிகள்

சேகரிப்புச் சந்தையில் ஒரே கேமை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

வெறும் கேசட்: பெட்டி, கையேடு எதுவும் இல்லாமல் கேசட் மட்டும். இதற்கு சில பத்து டாலர்கள்தான், அதாவது சில ஆயிரம் ரூபாய். லேபிள் கிழிந்திருந்தாலோ, பேனாவால் பெயர் எழுதியிருந்தாலோ இன்னும் குறையும்.

பெட்டியோடு முழுமையாக: அசல் அட்டைப் பெட்டி, உள்ளே கேசட்டைத் தாங்கும் அட்டை, விளையாட்டுக் கையேடு, கூடவே வந்த தாள்கள் என எல்லாம் சேர்ந்திருந்தால் வெறும் கேசட்டைவிட இரண்டு, மூன்று மடங்கு கிடைக்கலாம். காலிப் பெட்டியையும் கையேட்டையும் தனியாக விற்பவர்களும் உண்டு. ஏற்கெனவே கேசட் வைத்திருப்பவர்கள் அதை வாங்கி 'செட்' சேர்த்துக்கொள்வார்கள்.

பிரிக்காத பெட்டி: தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பது. இதுதான் உச்சம். நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும்.

முதல் படிக்கும் மூன்றாவது படிக்கும் இடையில் கேமில் ஒரு மாற்றமும் கிடையாது. அதே ஓட்டப் பாதைகள், அதே இசைதான். கூடுதல் பணம் முழுக்க அட்டைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும்தான்.

அட்டைப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

காரணம் ரொம்ப எளிது. குழந்தைகள் பெட்டியைக் கிழித்துத்தான் கேமை எடுத்தார்கள். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கிடைத்த பரிசு அது, அலமாரியில் பூட்டிவைக்க யாரும் வாங்கவில்லை. வட அமெரிக்காவில் இந்த கேம் மெல்லிய அட்டைப் பெட்டியில் வந்தது. ஒரு முறை நசுங்கினால் மூலை மடங்கிவிடும். ஈரம் பட்டால் ஊறிப்போகும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். பெரும்பாலான பெட்டிகள் அந்த ஆண்டே குப்பைக்குப் போய்விட்டன.

கேசட்டோ கெட்டியான பிளாஸ்டிக். கீழே போட்டாலும் தாங்கும். அதனால் கேசட் பிழைத்தது, பெட்டி பிழைக்கவில்லை. முப்பது வருடங்களுக்குப் பிறகு எது குறைவாக மிஞ்சியதோ அதற்கு விலை கூடியது.

ஜப்பானியப் பதிப்புக்கு நிலைமை வேறு. அங்கே பெட்டியும் கையேடும் பத்திரமாக இருக்கும் பிரதிகள் இன்றும் அதிகம் கிடைக்கின்றன. எனவே அதன் விலை பொதுவாக அமெரிக்கப் பதிப்பைவிடக் குறைவு.

தர முத்திரை: 9.8 என்றால் என்ன அர்த்தம்?

நாணயம், தபால்தலை, காமிக்ஸ் புத்தகங்களுக்கு இருப்பதுபோல வீடியோ கேம்களுக்கும் தரம் பார்த்து மதிப்பெண் கொடுக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அதில் அதிகம் பேசப்படுவது 'வாட்டா கேம்ஸ்'. பெட்டியின் நிலைக்கு 10 வரை மதிப்பெண் தருவார்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைக்கு 'சி' தொடங்கி 'ஏ++' வரை தனித் தரம். உதாரணமாக '9.8 ஏ++' என்றால் பெட்டியும் உறையும் கடையில் இருந்து நேராக வந்ததுபோல இருக்கிறது என்று பொருள்.

மதிப்பெண் போட்டபின் கேமைக் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதைப் பிரித்தால் அந்தத் தரச்சான்றுக்கு மதிப்பில்லை. அதாவது, விளையாடவே முடியாத வீடியோ கேமாக அது மாறிவிடுகிறது. வாங்குபவர் கண்ணால் பார்க்கலாம், கையில் பிடிக்கலாம், பிறகு விற்கலாம். அவ்வளவுதான்.

9.8க்கும் 8.5க்கும் இடையே சாதாரணக் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒரு மூலையில் சிறு மடிப்பாக இருக்கலாம். விலையில் அது பெரிய இடைவெளி. எனவே மதிப்பெண் போடுபவர் யார், அவர் எப்படிப் போடுகிறார் என்பதைப் பொறுத்தே முழுச் சந்தையும் நிற்கிறது.

2021ல் என்ன நடந்தது?

பழைய வீடியோ கேம் விலை தலைப்புச் செய்தியானது அந்த ஆண்டுதான். மரியோ கேம்களின் ஏல வரலாற்றைப் பார்த்தால் வேகம் புரியும்.

2019 பிப்ரவரியில் பிரிக்காத 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்று 1 லட்சத்து 150 டாலருக்கு விற்றது. 2020 ஜூலையில் அதே கேமின் இன்னொரு பிரதி 1 லட்சத்து 14 ஆயிரம் டாலர். 2021 ஏப்ரலில் மற்றொன்று 6 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அதே ஆண்டு ஜூலையில் 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. இரண்டே நாள் கழித்து 'சூப்பர் மரியோ 64' கேமின் பிரிக்காத பெட்டி 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அப்போதைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கும் மேல். 2021 ஆகஸ்டில் இன்னொரு 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 20 லட்சம் டாலர்.

கவனிக்க வேண்டியது, 'சூப்பர் மரியோ 64' ஒரு கோடிக்கும் மேல் விற்ற கேம். அரிய கேம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஒரு பெட்டியின் 9.8 ஏ++ தரத்துக்குத்தான் அந்த விலை.

கொரோனா ஊரடங்கில் வீட்டில் முடங்கியவர்கள் பழைய பொழுதுபோக்குகளுக்குத் திரும்பினார்கள். பங்குச்சந்தை, கிரிப்டோ பக்கம் இருந்த பணமும் 'சேகரிப்புப் பொருள்' என்ற பெயரில் இந்தப் பக்கம் வந்தது. மரியோ என்ற பெயர் இருந்தாலே விலை ஏறியது. மரியோ கார்ட்டும் அந்த அலையில் மேலே போனது.

பிறகு கேள்விகள் எழுந்தன. ஏலத்தில் விலை செயற்கையாக ஏற்றப்படுகிறது என்ற குற்றச்சாட்டு 2021 ஆகஸ்டில் யூடியூப் காணொளி ஒன்றின் மூலம் பெரிதாக வெடித்தது. வாட்டாவும், ஏல நிறுவனமான ஹெரிடேஜும் அதை மறுத்தன. 2022 மே மாதம் வாட்டாவுக்கு எதிராக வாடிக்கையாளர்கள் சிலர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சந்தையைத் திரித்தார்கள், கேம்களைத் திருப்பித் தரத் தாமதித்தார்கள் என்பது அவர்களின் புகார்.

உச்சத்தில் இருந்த விலைகள் அதன்பின் இறங்கின. 2021ல் 'முதலீடு' என்று நினைத்து வாங்கியவர்களில் பலர் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாத நிலைக்கு வந்தார்கள். பதிவு செய்யப்பட்ட சாதனை விலை என்பது ஒரு நாளில், ஒரு பொருளுக்கு, ஒருவர் கொடுத்த பணம் மட்டுமே. வீட்டில் இருக்கும் கேசட்டுக்கு அது விலைப்பட்டியல் ஆகாது.

எந்த நாட்டுப் பதிப்பு என்பது ஏன் முக்கியம்?

ஜப்பான், ஐரோப்பா கேசட்டுகள் வளைந்த வடிவம் கொண்டவை. அமெரிக்கக் கேசட் சதுரமாக, பட்டையாக இருக்கும். ஜப்பானியக் கேசட் அமெரிக்கக் கருவிக்குள் நுழையாமல் இருக்க உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகள் உண்டு. ஐரோப்பியப் பதிப்பில் பாதுகாப்புச் சிப்பே வேறு. அங்கு டிவி 50 ஹெர்ட்ஸில் ஓடியதால் கேமின் வேகமும் மாறும். எனவே வாங்குபவர் தன்னிடம் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜப்பானியப் பதிப்பில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. வெற்றி மேடையில் பீச்சும் பவுசரும் ஷாம்பெயின் பாட்டிலைத் திறந்து குடிப்பார்கள். குழந்தைகள் ஆடும் கேமில் மது வேண்டாம் என்று வெளிநாட்டுப் பதிப்பில் அதை மாற்றினார்கள். குடிப்பதற்குப் பதில் பாட்டிலை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். இதற்காகவே ஜப்பானியப் பதிப்பையும் சேர்த்து வைத்திருக்கும் ரசிகர்கள் உண்டு.

அமெரிக்காவில் பின்னாளில் 'பிளேயர்ஸ் சாய்ஸ்' என்ற முத்திரையோடு மறுவெளியீடும் வந்தது. கேம் அதேதான், ஆனால் முதல் பதிப்பைத்தான் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவார்கள். புத்தகத்தில் முதல் பதிப்புக்கு இருக்கும் மரியாதைபோலத்தான் இதுவும்.

'மரியோ கார்ட் 64' நிலவரம் என்ன?

1996 டிசம்பரில் ஜப்பானிலும் 1997ல் மற்ற நாடுகளிலும் வந்த அடுத்த பாகம் 'மரியோ கார்ட் 64'. நான்கு பேர் ஒன்றாக ஆடலாம் என்பதால் வீட்டுக்கு வீடு பிரபலமானது. விற்பனை சுமார் 98 லட்சத்து 70 ஆயிரம்.

முதல் பாகத்தைவிட அதிகம் விற்றிருந்தும் அதன் வெறும் கேசட்டுக்கும் நல்ல கிராக்கி. காரணம், இன்றைக்கும் அதை வாங்கி ஆடுகிறார்கள். நண்பர்கள் கூடும் வீட்டில் நான்கு கண்ட்ரோலரோடு இந்த கேம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஜப்பானில் கருப்பு, சாம்பல் நிறக் கண்ட்ரோலரோடு சேர்த்து விற்ற தனிப் பெட்டியும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்தான்.

உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது தெரியுமா?

'சூப்பர் மரியோ கார்ட்' கேசட்டுக்குள் நாணயம்போல ஒரு சிறிய பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 வகை. ஒவ்வொரு ஓட்டப் பாதையிலும் எடுத்த சிறந்த ஐந்து நேரங்கள், ஜெயித்துத் திறந்த 150சிசி வகுப்பு எல்லாம் இந்தப் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன.

பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடும், ஆனால் கருவியை அணைத்ததும் சாதனைகள் அழிந்துவிடும். முப்பது ஆண்டு தாண்டிய கேசட்டுகளில் பல இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டன. புதுப் பேட்டரி போடலாம். ஆனால் அது சாதாரண டார்ச்சில் மாற்றுவதுபோல இல்லை. தனி வகை 3.8 மி.மீ. திருகைக் கழற்றி, பற்றவைப்பை எடுத்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பழைய பேட்டரியை எடுக்கும்போது சேமித்த நேரங்களும் போய்விடும்.

சந்தை விலையில் அந்த நேரங்களுக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. ஆனால் 1993ல் அண்ணனும் தம்பியும் போட்டி போட்டு எடுத்த நேரம் இன்னும் திரையில் தெரிகிறது என்றால், பேட்டரியை மாற்றும் முன் அதை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. திரும்பக் கிடைக்காத ஒரே விஷயம் அதுதான். 'மரியோ கார்ட் 64' கேசட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, அது சேமிக்கப் பேட்டரியை நம்பவில்லை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலை ஏறினால் போலியும் வரும். அசல்போலவே லேபிள் அச்சடித்து விற்கிறார்கள். கவனிக்க வேண்டியவை:

லேபிளின் அச்சு மங்கலாகவோ, நிறம் வித்தியாசமாகவோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அசல் லேபிளில், உற்றுப் பார்த்தால் தெரியும்படி, அழுத்திப் பதித்த சிறு எண் இருப்பது வழக்கம்.

கேசட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் பலகையில் 'நின்டெண்டோ' பெயர் அச்சாகியிருக்க வேண்டும். இந்த கேமின் கேசட்டில் கூடுதலாக 'டி.எஸ்.பி.-1' என்ற கணக்கு போடும் சிப் உண்டு. பாதை சுழல்வதுபோலத் தெரியும் அந்தக் காட்சிக்கு உதவுவது இதுதான். அந்தச் சிப் இல்லாத பலகை என்றால் அது அசல் கேசட் கிடையாது.

பிரிக்காத பெட்டியில் ஆபத்து இன்னும் அதிகம். பழைய பெட்டிக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் சுற்றி 'சீல் பிரிக்காதது' என்று விற்கும் மோசடி உண்டு. அக்காலத் தொழிற்சாலை உறையில் ஒட்டுக்கோடு பெட்டியின் பின்பக்கம் குறுக்காக ஓடும். படத்தை மட்டும் நம்பிப் பெரும் தொகை கொடுப்பது கூடவே கூடாது.

நம்ம வீட்டில் இருக்கும் பழைய கேசட்டுக்கு விலை கிடைக்குமா?

தமிழ்நாட்டில் 1990களில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை நின்டெண்டோவின் 8-பிட் கருவியைப் பார்த்துச் செய்த நகல் கருவிகள். ஒரே கேசட்டில் பல கேம்கள் என்று விற்றவையும் நகல்களே. அவற்றில் மரியோ ஓடியது, 'சூப்பர் மரியோ கார்ட்' ஓடாது. அது அடுத்த தலைமுறை 16-பிட் கருவிக்கான கேம். எனவே அலமாரியில் மரியோ படம் போட்ட மஞ்சள் கேசட் இருந்தால், அதற்கு இந்த ஏல விலைகளோடு சம்பந்தம் இல்லை. வெளிநாட்டில் இருந்த உறவினர் கொண்டுவந்த அசல் நின்டெண்டோ கேசட் என்றால் மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

வாங்கும் முன், விற்கும் முன்

* விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏலத் தளங்களில் 'விற்பனையானவை' என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது.
* வெறும் கேசட்டைத் தர மதிப்பீட்டுக்கு அனுப்பினால், கட்டணமும் கூரியர் செலவும் கேசட்டின் விலையையே தாண்டிவிடலாம்.
* வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
* பெட்டி இருந்தால் வெயில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். லேபிளை ரசாயனம் போட்டுத் துடைக்காதீர்கள்.
* லாபம் வரும் என்று கடன் வாங்கி வாங்காதீர்கள். 2021 உச்சத்தில் வாங்கியவர்களின் அனுபவமே பாடம்.

விளையாட மட்டும் ஆசை என்றால்?

அதற்குப் பழைய கேசட்டே தேவையில்லை. நின்டெண்டோவின் 'ஸ்விட்ச்' கருவியில், 2019 செப்டம்பர் முதல் இணையச் சந்தா கட்டியவர்களுக்கு 'சூப்பர் மரியோ கார்ட்' கிடைக்கிறது. 2021 அக்டோபரில் கூடுதல் சந்தாவில் 'மரியோ கார்ட் 64' சேர்ந்தது. ஆக, சேகரிப்பாளர் கொடுக்கும் பெரும் தொகை கேமை ஆடுவதற்கான விலை இல்லை. யாரும் தொடாமல் தப்பிப் பிழைத்த ஒரு பெட்டிக்கான விலை.

பரணில் கிடைத்தது பிரிக்காத பெட்டி என்றால், பிரிக்காமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது புத்திசாலித்தனம். கிடைத்தது தேய்ந்துபோன வெறும் கேசட் என்றால், பெரிய ஏமாற்றம் வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்கு அதை விற்கும் முன், கருவியில் செருகி, கூடப் பிறந்தவரைக் கூப்பிட்டு ஒரு பந்தயம் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்காகத்தான் அந்த கேமையே செய்தார்கள்.